‘என்ன செய்யிறீங்கள்?’ ஒரு கேள்விக்கு இரண்டு ஆங்கிலம்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

மட்டக்களப்பிலிருந்து வேலை தேடிக் கொழும்புக்கு வந்த ஒரு பிள்ளை, வெள்ளவத்தையில் என்னிடம் மாலை வகுப்புக்கு வந்தார். ஒரு நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தபோது அந்தக் கந்தோர் அதிகாரி ஒருவர் அவரிடம் ‘வட் டு யூ டூ?’ என்று கேட்டிருக்கிறார். ‘ஐ ஆம் வெயிட்டிங்’ என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அதிகாரி கேட்டது தொழிலை. இவர் சொன்னது அந்த நிமிடத்தில் செய்துகொண்டிருந்ததை. இதை என்னிடம் சொல்லும்போது பிள்ளையின் குரல் தழுதழுத்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘என்ன செய்யிறீங்கள்?’ என்ற ஒரே கேள்வி இரண்டுக்கும் போதும். இடம் பார்த்துப் பொருள் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் அப்படி விடாது. தொழிலென்றால் ‘வட் டு யூ டூ’, இந்த நேரத்து வேலையென்றால் ‘வட் ஆர் யூ டூயிங்’.

‘எவ்ரி டே’ வந்தால் ‘ஐ டூ’ போன்ற சிம்பிள் பிரசென்ட், ‘நவ்’ வந்தால் ‘ஐ ஆம் டூயிங்’ போன்ற கன்டினியூஸ் என்று பாடசாலையில் பாடமாக்கினோம். பேச்சில் அந்தச் சொற்கள் எப்போதும் கூடவே வருவதில்லை. அதனால் வகுப்பில் நான் தமிழைத்தான் துணைக்கு அழைக்கிறேன். ‘காலையில் 5 மணிக்கு எழும்புவேன்’, ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்கிறோம் அல்லவா? வடிவம் எதிர்காலம், சொல்வதோ வழக்கத்தை, என்றும் மாறாததை. தமிழ் இப்படி நிற்கும் இடத்தில் ஆங்கிலத்துக்கு சிம்பிள் பிரசென்ட்: ‘ஐ கெட் அப்’, ‘த சன் ரைசஸ்’. ‘கொண்டிருக்கிறேன்’ சேர்த்துப் பார்த்துப் பொருந்தினால் பெரும்பாலும் கன்டினியூஸ். 100ஆம் இலக்க பஸ் காலி வீதியால் போகும்: ‘கோஸ்’. இன்றைக்கு வீதியை மூடியதால் மரைன் டிரைவால் போய்க்கொண்டிருக்கிறது: ‘இஸ் கோயிங்’.

இந்த உரைகல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இன்னோர் இடத்தில். ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் வான்டிங்’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். தெரியும், வேண்டும், பிடிக்கும் என்ற சொற்களைக் கவனியுங்கள். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாராவது சொல்வார்களா? ஆகவே ‘ஐ நோ’, ‘ஐ வான்ட்’, ‘ஐ லைக்’. எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்; ‘இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதில்லை. எனவே ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. அதே ‘ஹேவ்’ சாப்பாட்டோடு வரும்போது ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ சரி. சாப்பிட்டுக்கொண்டிருக்கலாமே!

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ‘வெள்ளவத்தையில் இருக்கிறேன்’ என்றால் சொந்த வீடா, ஆறு மாதத்துக்கு எடுத்த அறையா என்று தெரியாது. ‘ஐ லிவ்’ என்றால் அதுவே நிலையான இருப்பிடம். ‘ஐ ஆம் லிவிங்’ என்றால் பெரும்பாலும் தற்காலிகம். வேலைக்கும் இதே கணக்குத்தான்.

அந்தப் பிள்ளைக்குப் பிறகு கொள்ளுப்பிட்டியில் மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒரு வேலை கிடைத்தது. தொலைபேசியில் ‘ஐ ஆம் வேர்க்கிங், டீச்சர்’ என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, ‘நிரந்தரமாக்கினதும் ஐ வேர்க் என்று சொல்லுறன்’ என்றார்.

நன்றி, வணக்கம்.