எண்ணெய்க் குழாய்க்கு இரண்டு முனை

அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘நாடுகளுக்கிடையே ராணுவ ஒத்துழைப்பு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். தலைவர்கள் கைகுலுக்குவதைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது ஒரு ரப்பர் குழாயைப் பற்றி.

செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாய்க்கு ஹோஸ் சேரவில்லை என்றால் என்ன செய்வோம்? பழைய துணியைச் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவோம். பாதித் தண்ணீர் நம் காலில் வழியும், மிச்சம் செடிக்குப் போகும். நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் வேறு நாட்டுக் கப்பலிடம் எண்ணெய் வாங்கும்போது இந்தத் துணிச்சுற்று வேலைக்கு இடமில்லை.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு கப்பல்களும் நிற்பதில்லை. நின்றால் அலை உருட்டும், சுக்கானும் சொன்னபடி கேட்காது. அதனால் பக்கத்துப் பக்கத்தில், நாற்பது ஐம்பது மீட்டர் இடைவெளியில், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் அகப்பட்ட தண்ணீர் வேகமெடுத்து இரண்டையும் ஒன்றன் பக்கம் ஒன்றாக இழுக்கப் பார்க்கும். ஒரு கப்பலிலிருந்து துப்பாக்கியால் மெல்லிய கயிறு ஒன்றைச் சுடுவார்கள். அதன் வாலில் தடித்த கயிறு, அதன் வாலில் இரும்பு வடம். அந்த வடத்தில் தொங்கிக்கொண்டு குழாய் ஆடி ஆடி வரும். இந்தப் பக்கத்து வாயில் அது ‘டக்’கென்று உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால், எத்தனை ஒப்பந்தம் போட்டிருந்தாலும் எண்ணெய் இறங்காது.

இப்படி முன்கூட்டியே பொருத்திவைக்கிற வேலைக்கு, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் முதலானோர் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியைப் பாருங்கள். அது 1949-இல் 12 நாடுகளோடு தொடங்கியது, இன்று 32. ‘ஒருவர் மீது தாக்குதல் என்றால் அனைவர் மீதும் தாக்குதல்’ என்ற, அதன் ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதை அவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு. ஆனால் தினமும் நடக்கிற வேலை வேறு. தோட்டா எத்தனை மில்லிமீட்டர், விமானத்துக்கு எந்த எரிபொருள், வானொலியில் எழுத்தை எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்து பேசித் தீர்க்கிற வேலை.

‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ கேட்டிருப்பீர்கள். ஏ, பி, சி எழுத்துகளை வானொலியில் குழப்பமில்லாமல் சொல்ல, 1956-இல் இன்றைய வடிவத்துக்கு வந்த பட்டியல் அது. அதில் ஆல்ஃபாவை வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுத மாட்டார்கள். நடுவில் பி-எச் போட்டால் வேறு மொழிக்காரர்கள் தப்பாகப் படித்துவிடுவார்கள் என்று எஃப் போட்டிருக்கிறார்கள். ஜூலியட்டின் கடைசியில் இரண்டு டி. ஒரு டி மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர் அதை விழுங்கிவிடுவார்! ஒரு டி-க்காக மெனக்கெட்டவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தச் சின்ன விஷயங்கள் தவறினால் என்ன ஆகும்? 2003 மார்ச் 23. ஈராக் போர் தொடங்கி சில நாட்கள்தான். பணி முடித்து குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ போர் விமானத்தை, பகைவரின் ஏவுகணை என்று நினைத்து அமெரிக்காவின் பேட்ரியாட் வான்காப்பு ஏவுகணைப் படைப்பிரிவு சுட்டு வீழ்த்தியது. இரண்டு வீரர்களும் இறந்தார்கள். ‘நான் உங்கள் ஆள்’ என்று சொல்ல வேண்டிய கருவி விமானத்தில் வேலை செய்யாமல் போனதும் காரணங்களில் ஒன்று. உலகிலேயே மிக நெருக்கமான இரண்டு கூட்டாளிகள் இவர்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். இந்தியா எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லை. அமெரிக்காவுக்கு நாம் பங்காளி நாடுதான், கூட்டணி நாடு அல்ல. (நம் ஊரில் பங்காளி என்றால் வேறு அர்த்தமும் உண்டு, அதுவும் இங்கே பொருந்தாமல் இல்லை.) எரிபொருள், உதிரிபாகம், பழுதுபார்ப்பு இவற்றை ஒருவருக்கொருவர் கொடுத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று பத்தாண்டுக்கும் மேல் இழுபறியாகி, 2016 ஆகஸ்ட் 29-இல் கையெழுத்தானது. ராணுவத் தளம் கொடுப்பதாக அதில் இல்லை, சண்டைக்கு வருவதாகவும் இல்லை. மளிகைக் கடை நோட்டு மாதிரி, வாங்கினால் எழுதி வை, அப்புறம் தீர்.

அந்த நோட்டின்படிதான் 2020 செப்டம்பரில் வடக்கு அரபிக்கடலில் ஐ.என்.எஸ். தல்வார், அமெரிக்காவின் யூகோன் கப்பலிடம் எண்ணெய் வாங்கியது. தல்வார் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கட்டிய கப்பல்! 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் சார்லஸ் ட்ரூ, பழுதுபார்க்கச் சென்னைக்கு வடக்கே நம் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. எண்ணூர்ப் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்கள் யாராவது அன்று பார்த்தார்களோ என்னவோ.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தம்பி கேட்டார்: “நாளைக்குச் சண்டை வந்தால் அமெரிக்கா நமக்காக வருமா சார்?” வர வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை, தம்பி. நாமும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. இதே வங்கக் கடலுக்கு 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, எண்டர்பிரைஸ் விமானந்தாங்கியை அனுப்பி நம்மை மிரட்டியது அமெரிக்கா. 2017 ஜூலையில் மலபார் என்ற கூட்டுக் கடற்படைப் பயிற்சிக்காக அதே கடலில், நம் சென்னைக்கு அப்பால், அமெரிக்காவின் நிமிட்ஸ் விமானந்தாங்கி, நம் விமானந்தாங்கி விக்கிரமாதித்யாவோடும் ஜப்பானின் போர்க்கப்பல் இசுமோவோடும் சேர்ந்து பயணித்தது. உறவு முழுக்க மாறிவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்டினால் ஏமாறுவோம். தல்வாருக்கு எண்ணெய் கொடுத்த ஏழாவது மாதம், 2021 ஏப்ரலில், லட்சத்தீவுக்கு மேற்கே கடல்வளம் நமக்கே உரியதான நம் பொருளாதார மண்டலத்துக்குள் ஜான் பால் ஜோன்ஸ் என்ற போர்க்கப்பலை ஓட்டி, ‘உங்கள் அனுமதி கேட்கவில்லை’ என்று வெளிப்படையாக அறிக்கையும் விட்டார்கள். டெல்லி கவலை தெரிவித்தது. பயிற்சிகள் மட்டும் நிற்கவில்லை.

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குழாயைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கப்பல்காரர்கள் அதை மாட்டுவதற்கு மட்டுமல்ல, அவசரத்தில் கழற்றவும் பயிற்சி எடுக்கிறார்கள். இயந்திரம் பழுதானாலோ சுக்கான் சிக்கினாலோ குரல் கொடுத்ததும் எண்ணெய் நிற்க வேண்டும், குழாய் விடுபட வேண்டும், வடம் அவிழ வேண்டும், இரண்டு கப்பல்களும் விலகிவிட வேண்டும். யாரும் அதைத் துரோகம் என்று சொல்வதில்லை. நிலைமை சரியானால் அடுத்த வாரம் அதே கயிற்றை மறுபடியும் சுடுவார்கள்.