போட்மர் ஓக் மரமும் 24 வயது மொனேயும்

வணக்கம் நண்பர்களே. இன்று ஒரே ஓவியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோந்தேன்ப்ளோ காட்டில் 1865ஆம் ஆண்டு பல மாதங்கள் தங்கியிருந்த பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே, அக்டோபரில் அங்கிருந்து கிளம்புவதற்குச் சற்று முன்பு தீட்டிய ‘போட்மர் ஓக்’ தான் அது. அப்போது அவருக்கு வயது 24.

அந்த மரம் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. சுவிட்சர்லாந்து ஓவியர் கார்ல் போட்மர் அதை வரைந்து 1850ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்ததால், அவர் பெயரே மரத்துக்கும் நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் மிசூரி ஆற்றங்கரைப் பழங்குடியினரை வரைந்த அதே போட்மர்தான்.

இப்போது படத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். தரை முழுவதும் செம்பழுப்புச் சருகுகள் பரவிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட நரம்பும் விளிம்புமாக அவர் வரையவில்லை. தூரிகையின் தீற்றல்களை அடுத்தடுத்து வைத்தே சருகையும், அதன்மேல் விழும் வெயிலையும் நம் கண்ணுக்குக் காட்டிவிடுகிறார். இதே காட்டின் ஓக் மரங்களைத் தியோடோர் ரூசோ போன்ற மூத்த ஓவியர்கள் அடர்ந்த பழுப்பிலும் நிழலிலும் கம்பீரமாக நிறுத்தினார்கள். மொனேயோ பளிச்சென்ற பச்சையையும் மஞ்சளையும் துணிந்து எடுக்கிறார். என்னைக் கேட்டால், புகழ்பெற்ற மரத்தைவிட, இலைகளினூடே இறங்கும் வெளிச்சத்தின் மீதுதான் அவருக்கு ஆசை அதிகம்.

அந்த ஆசைக்குக் காரணம் இருந்தது. மரநிழலில் அமர்ந்திருப்பவர்களின் ஆடைகளில் வெயில் திட்டுத்திட்டாக விழுவதை, நான்கு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட ‘புல்வெளியில் மதிய உணவு’ என்ற ஓவியமாக்கி 1866ஆம் ஆண்டு சலோனுக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் அவர் அந்தக் காட்டில் பயிற்சி ஓவியங்களைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய படம் முடியவே இல்லை. பின்னாளில் வாடகைக்கு ஈடாக வீட்டுக்காரரிடம் போய், ஈரத்தில் பழுதாகி, துண்டுகளாக வெட்டப்பட்டது. எஞ்சியவை இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தப் பெரிய படத்தில் சிதைந்துபோன முயற்சியின் ஒரு பகுதியாவது இந்த ஓக் மரத்தடியில் முழுமையாகக் கைகூடியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

இந்த ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இணையதளத்திலேயே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது கிளைகளை விட்டுவிட்டு, முதலில் தரையிலிருந்து தொடங்குங்கள்.