தாளம் வழுக்கிய இடம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பாட்டுக் கேட்கும்போது வரும் கோளாறுகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பகலில் நான் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் தெரிந்தவர்கள் வீட்டுக் குறுந்தட்டுகளை ஃபைல்களாக மாற்றிக் கொடுப்பேன். அவை சரியாகப் பாடவில்லை என்று கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இது நடக்கிறது.

இப்படிப் போகும் வீடுகளில் முதலில் காதில் விழுவது, "எனக்கு வயசாயிடுச்சு, காது போச்சு போல" என்ற பேச்சுதான். இல்லையென்றால் புது ஹெட்ஃபோன் வாங்கலாமா என்று கேட்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். காதையும் பணப்பையையும் விட்டுவிட்டு முதலில் ஃபைலைக் கேளுங்கள். நல்ல ஃபைல், தான் முழுசாக இருக்கிறேனா இல்லையா என்பதைத் தானே சொல்லும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம்.

ஊருக்குப் போகப் பெட்டி கட்டுகிறோம். வேட்டியை மடித்து வைத்தால் இடம் குறைகிறது. ஊரில் விரித்தால் முழு வேட்டி. மடித்தும் இடம் போதவில்லை என்று கரையைக் கத்தரித்துவிட்டு வைத்தால் பெட்டி மூடும், ஆனால் விரிக்கும்போது கரை இருக்காது. இசை ஃபைலையும் இப்படி இரண்டு விதமாகச் சுருக்கலாம். எம்பி3 இந்த இரண்டாவது வகை. நம் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அது கணிக்கும் ஓசைகளை எடுத்துவிடுகிறது. ஃபிளாக் முதல் வகை. ஜோஷ் கோல்சன் என்பவர் எழுதி 2001இல் வெளியிட்டது, யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். குறுந்தட்டில் இருந்ததை ஏறக்குறையப் பாதி, அல்லது பாதிக்குச் சற்று மேலான இடத்தில் மடித்து வைக்கும். விரித்தால் ஓர் எண் கூடக் குறையாது. எண் என்று ஏன் சொல்கிறேன் என்றால், குறுந்தட்டில் இசை எண்களாகத்தான் இருக்கிறது. ஒரு வினாடிக்கு இடப்பக்கம் 44,100 எண், வலப்பக்கம் 44,100 எண்.

அப்படியானால் ஏன் எல்லாரும் எம்பி3க்குப் போனோம்? இடம் இல்லை, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் நம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் நோமாட் ஜூக்பாக்ஸ் என்ற ஒரு கருவியைக் கொண்டுவந்தது. கையில் எடுத்துப் போகும் சிடி பிளேயர் அளவில் இருக்கும், உள்ளே 6 ஜிபி. குறுந்தட்டில் உள்ளதை அப்படியே ஏற்றினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம்தான் கொள்ளும். அன்று வழக்கத்தில் இருந்த வினாடிக்கு 128 கிலோபிட் அளவு எம்பி3யாக மாற்றினால் நூறு மணி நேரம். யாராக இருந்தாலும் நூறைத்தான் எடுத்திருப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இன்று விரல்நுனி அளவு அட்டையில் 256 ஜிபி கிடைக்கிறது. ஆனால் நம்மில் பலர் வீட்டில் இருப்பது அன்றைக்குக் கரை கத்தரித்த வேட்டிகள்தான்.

சரி, இப்போது தோ பாயோ ஐயாவின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இன்றைக்கு வந்தேன்.

ஐயாவுக்கு அப்போது 78 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்கழி சீசனுக்குச் சென்னை போகும் ஒவ்வொரு தடவையும் கச்சேரிக் குறுந்தட்டுகள் வாங்கி வருவார். சிராங்கூன் ரோட்டுக் கடைகளிலும் வாங்குவார். அவருடைய வீவக அடுக்குமாடி வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே அந்தத் தட்டுகளுக்கும் ஓர் அலமாரி. மகன் அத்தனையையும் பொறுமையாகக் கணினியில் ஏற்றி, அப்பாவின் கைத்தொலைபேசிக்கும் மாற்றிக் கொடுத்திருந்தார். எல்லாம் ஃபிளாக்தான் என்றார் மகன்.

ஐயாவின் புகார் ஒரே வரி. "தம்பி, தனி முடியுற இடத்துல தாளம் வழுக்குது."

கச்சேரி கேட்காத நேயர்களுக்காகச் சொல்கிறேன். தனி ஆவர்த்தனம் என்றால் மிருதங்கம், கடம் போன்ற தாளக் கருவிகளை மட்டும் வாசிக்கும் நேரம். கடைசியில் கோர்வை என்ற தாளக் கோவையை மூன்று முறை வாசித்து முடிப்பார்கள். அது முடியும் கணத்தில், பாட்டின் எடுப்பு, அதாவது தாளத்தில் வரி தொடங்கும் இடம், எதுவோ சரியாக அங்கே, பாடுகிறவர் வரியை எடுப்பார். தாளம் போடும் கைகள் அதற்காகவே காத்திருக்கும். பல குறுந்தட்டுகளில் இந்த இடத்தில்தான் ஒரு தடம் முடிந்து அடுத்த தடம் தொடங்குகிறது.

மகன் என்னென்னவோ செய்து பார்த்திருந்தார். ஹெட்ஃபோன் மாற்றினார், ஒயர் மாற்றினார், புது ஸ்பீக்கர் ஒன்றும் வந்துவிட்டது. வழுக்கல் போகவில்லை. கடைசியில் அப்பாவுக்குக் காது பார்க்க மருத்துவரிடம் நாள் வாங்கலாமா என்ற அளவுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஆதி தாளம், எண்ணிக்கை ஒவ்வொன்றும் ஒரு வினாடி இருக்கும், நிதானமான காலப்பிரமாணம். நான் பாட்டைக் கவனிக்கவில்லை. அவர் கையையும் கைத்தொலைபேசித் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். கோர்வை மூன்றாவது முறை முடிகிறது. கை தொடையில் விழுகிறது. திரையில் 6 என்ற எண் போய் 7 வருகிறது. பாடகர் இன்னும் எடுக்கவில்லை. ஐயாவின் கை பாதி தூக்கிய நிலையில் அந்தரத்தில் நிற்கிறது. அப்புறம்தான் குரல் வருகிறது. அரை வினாடிதான் இருக்கும். ஆனால் எண்ணிக்கைக்கு ஒரு வினாடி போகும் தாளத்தில் அது பாதி அட்சரம். அவர் காதில் ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டிலேயே சரியாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இனி நான் செய்ததை மெதுவாகச் சொல்கிறேன். வேறு எந்தக் கோளாறுக்கும் இதே வழிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இதை இன்னொரு முறையும் சொல்கிறேன், ஒன்றை மட்டும். மகன் ஹெட்ஃபோனையும் ஒயரையும் சேர்த்தே மாற்றியதால், எது காரணம் இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியாமல் போனது.

முதலில் குறுந்தட்டையே பழைய சிடி பிளேயரில் போட்டேன். கை நிற்கவில்லை. ஆக, பதிவு சரி. அடுத்து மகனின் கணினியில் உள்ள ஃபைல். அங்கும் கை நிற்கவில்லை. ஆக, ஃபைலும் சரி. கைத்தொலைபேசியில் மட்டும் நிற்கிறது. அங்கே உள்ள பிளேயர் செயலியின் அமைப்புகளைத் திறந்தேன். 'இடைவெளி இல்லாமல் தொடர்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. அணைத்துக் கிடந்தது. போட்டேன். மறுபடி ஓட்டினோம். வழுக்கல் குறைந்தது, ஆனால் போகவில்லை. ஐயா தலையை ஆட்டினார். "இன்னும் ஒரு மயிரிழை இருக்கு."

எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. அவர் சொன்னதை நம்பித்தான் கைத்தொலைபேசியில் உள்ள ஃபைலின் பெயரை முழுசாகப் பார்த்தேன். வால் ஃபிளாக் இல்லை, எம்பி3! கணினியிலிருந்து கைத்தொலைபேசிக்கு ஏற்றும் மென்பொருளில் 'இடத்தை மிச்சப்படுத்து' என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது. மகனுக்குத் தெரியாமலே ஒவ்வொரு ஃபைலையும் அது எம்பி3யாக மாற்றி ஏற்றியிருக்கிறது. எம்பி3 ஒலியை 1152 எண்கள் கொண்ட கட்டுகளாக அடுக்கும். ஒரு கட்டு ஒரு வினாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. தடத்தின் முன்னாலும் பின்னாலும் வெறும் அமைதியை வைத்து நிரப்பிவிடும். எவ்வளவு நிரப்பினோம் என்ற குறிப்பு ஃபைலில் இருந்து, பிளேயரும் அதைப் படித்தால் வெட்டிவிடும். இல்லாவிட்டால் அந்த அமைதியும் சேர்ந்து ஒலிக்கும். ஐயா சொன்ன மயிரிழை அதுதான்.

டிக்கை எடுத்துவிட்டு ஃபிளாக்கை அப்படியே ஏற்றினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அம்மா கொடுத்த காப்பியும் முறுக்கும். பிறகு அதே இடம். ஆறு போய் ஏழு வந்தது. கை விழுந்த இடத்தில் குரல் எடுத்தது. ஐயா கண்ணைத் திறக்கவே இல்லை, தாளத்தைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தார்.

ஃபைல் தானே சொல்லும் என்றேன் அல்லவா? ஃபிளாக் ஃபைலை உண்டாக்கும்போதே, உள்ளே இருக்கும் மொத்த இசைக்கும் ஒரு முத்திரையைக் கணக்கிட்டு ஃபைலின் தலையிலேயே எழுதி வைக்கும். எம்டி5 என்பார்கள். இசையில் ஓர் எண் மாறினாலும் முத்திரை ஒத்துப்போகாது. இது தவிர ஒவ்வொரு சிறு துண்டுக்கும் தனியாக ஒரு சோதனை எண் உண்டு. ஃபிளாக் கருவியிலேயே சோதனை வசதி இருக்கிறது. ஃபூபார்2000 போன்ற இலவச பிளேயர்களிலும் அதற்கான துணைநிரல் கிடைக்கும். பாட்டு ஒரே இடத்தில் எப்போதும் 'டிக்' என்று சத்தம் போடுகிறதா? முதலில் இந்தச் சோதனை. தேறவில்லை என்றால் ஃபைல் கெட்டிருக்கிறது, அடுத்த பிரதியைத் தேடுங்கள். தேறியும் சத்தம் வந்தால், தட்டிலிருந்து எடுக்கும்போதே கீறல் சேர்ந்து வந்திருக்கலாம், அல்லது கோளாறு பிளேயர் பக்கம் இருக்கலாம். கீறல் சந்தேகம் இருந்தால் தட்டை இரண்டு முறை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்பி3யை ஃபிளாக்காக மாற்றினாலும் இந்தச் சோதனை தேறும், ஏனென்றால் கரை போன வேட்டியைத்தான் அது ஒழுங்காக மடித்திருக்கிறது. ஜால்ரா ஒலி தண்ணீர் தெறிப்பது போலக் கேட்டால் அந்த ஃபைலைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. இது நமக்கே உரிய கோளாறு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 1997 மே மாதம் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று இதே சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்ற தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். அன்று ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. அந்தக் காலத்து ஃபைல்களில் தமிழில் பெயர் எழுதியிருந்தால், இன்று அது புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். பாட்டு கெடவில்லை, பெயர்ச்சீட்டு மட்டும்தான் படிக்க வரவில்லை. அழிக்காதீர்கள்.

பழைய எம்பி3 பெயர்ச்சீட்டில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் பொதுவாக எழுதும் முறைப்படி தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'கல்யாணி' என்று எழுதினால் 21 போய்விட்டது. ஓர் இடைவெளி விட்டு 'ஆலாபனை' என்று தொடங்கினால் 'ஆல' வரை வரும், அப்புறம் ஒரு கட்டம். காலைப் போட இடம் இல்லை. ஃபிளாக்கில் இந்த 30 கணக்கு கிடையாது. தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

இன்னொன்று. 'தோடி' என்று மனதுக்குள் எழுதிப் பாருங்கள். முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் த, பின்னால் கால். கணினிக்கு அந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சில வகைக் கணினிகள் ஃபைல் பெயரை உடைத்துச் சேமிக்கும், சில உடைக்காது. ஒரு கணினியில் செய்த பாட்டுப் பட்டியலை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால், 'தோடி' கண் முன்னே இருக்கும்போதே பிளேயர் 'ஃபைல் இல்லை' என்று சொல்லும். 'மோகனம்', 'காம்போதி' எல்லாம் இப்படி மாட்டும். 'கல்யாணி' மாட்டாது, அதில் கொம்பும் காலும் சேரும் எழுத்து இல்லை. ஓர் அம்மா வீட்டில் எந்தெந்த ராகம் காணவில்லை என்று எழுதித் தரச் சொன்னேன். பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதே கணினியிலேயே பட்டியலைப் புதிதாக உண்டாக்கினால் சரியாகிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். புளூடூத் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். குறுந்தட்டின் இசைக்கு வினாடிக்கு 1411 கிலோபிட் வேண்டும். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனுக்குப் போவது ஏறக்குறைய 330க்குள். எம்ஆர்டி ரயிலில் ஃபிளாக்குக்கும் எம்பி3க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதில் வியப்பில்லை, வழியிலேயே இன்னொரு முறை கத்தரிக்கிறார்கள். வீட்டில் ஒயர் போட்டுக் கேளுங்கள். தடங்கள் 1, 10, 11, 2 என்று வரிசை தப்பிப் பாடினால் பெயரில் 01, 02 என்று எழுதுங்கள்.

அப்புறம் பிரதி. ஹார்ட் டிஸ்க் குறைந்தது இரண்டு இருக்கட்டும், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள், பிள்ளை வீட்டிலோ அக்கா வீட்டிலோ. ஆண்டுக்கு ஒரு முறை இரண்டிலும் அந்த முத்திரைச் சோதனையை ஓட்டுங்கள், தீபாவளிச் சுத்தத்தோடு வைத்துக்கொண்டால் மறக்காது. வீட்டிலேயே எழுதிய தட்டுகள் இருந்தால் அவற்றை முதலில் எடுங்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் அவற்றின் சாயம் மங்கும். கடையில் வாங்கிய தட்டுகள் காத்திருக்கும். சோதனை தேறும் வரை எந்தத் தட்டையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். நன்றி, வணக்கம்.