85 ராண்ட் இடுக்கியும் ஷேலுக்குள் இருந்த வால்நட் ஓடும்

வணக்கம் எல்லோருக்கும். இன்றைக்குத் தேநீர்கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டேன், வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். பாறைத் துகளைச் சூடாக்கி அது எவ்வளவு எண்ணெய் தரும் என்று அளக்கும் சோதனையில் எஸ்2 என்ற கோடு வந்துவிட்டது! சுத்தமான ஒற்றைக் கூம்பு, முன்னால் அந்தப் பாழாய்ப்போன புடைப்பு இல்லை.

போன வீடியோவில் நான் எரிச்சலோடு காட்டிய அதே துகள்கள்தான். தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் மேற்குக் கடலடியில் இருக்கும் ஆரஞ்சு படுகையில் பல வருடம் முன்பு தோண்டிய ஒரு கிணற்றிலிருந்து வந்த, ஆப்டியன் காலத்து ஷேல் (சேறு இறுகிய பாறை), ஏறத்தாழ 11, 12 கோடி ஆண்டுப் பழையது. கிணற்றின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். தென் அட்லாண்டிக் அப்போதுதான் பிளந்து திறந்துகொண்டிருந்தது, ஒடுக்கமான கடல், அடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் செத்து விழுந்த பாசியெல்லாம் மக்காமல் சேற்றிலேயே தங்கிவிட்டது. 2022 பிப்ரவரியில் நமீபியா பக்கம் கிராஃப், வீனஸ் என்ற கிணறுகளில் அடுத்தடுத்து எண்ணெய் கிடைத்ததிலிருந்து எல்லோர் கண்ணும் இந்தக் கருப்பு ஷேல் மேல்தான்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். முதல் ஓட்டத்தில் எஸ்1 4.8, எஸ்2 10.5 (ஒரு கிராம் பாறைக்கு மில்லிகிராம்), டி-மேக்ஸ் 429 டிகிரி. புதிதாக வந்தவர்களுக்கு: ராக்-எவால் கருவியில் பொடித்த பாறையை முதலில் 300 டிகிரியில் வைக்கும்போது ஏற்கெனவே எண்ணெயாகிக் கிடப்பது ஆவியாகி வெளியேறும், அது எஸ்1. பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரியாக 650 வரை ஏற்றினால் கெரோஜன், அதாவது பாறையில் இன்னும் எண்ணெயாகாமல் கிடக்கும் கரிமப் பொருள், உடைந்து வருவது எஸ்2, அது உச்சத்துக்குப் போகும் வெப்பநிலைதான் டி-மேக்ஸ். 429 என்றால் பாறை இன்னும் வேகவில்லை, எண்ணெய் உருவாகும் அளவுக்குச் சூடு படவில்லை. வேகாத பாறையில் அவ்வளவு எஸ்1 எங்கிருந்து வரும்? தோண்டும்போது ஊற்றிய துளைச்சேற்றில் இருந்த எண்ணெய்!

அதைப் போக்க டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கழுவ வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், இதைச் சொல்ல மறந்துவிட்டேன், நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்க வேண்டும், மேலடுக்கிலிருந்து சரிந்து விழுந்த சில்லுகளும் அதே பையில் கலந்திருக்கும். அதற்கு நுனி கூர்மையான இடுக்கி வேண்டும். ஆய்வகப் பொருள் பட்டியலில் அதன் விலை 640 ராண்ட். அறுநூற்று நாற்பது! ஒரு இடுக்கிக்கு! நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் புருவம் திருத்தும் சாமான் விற்கிற கடைக்குப் போய் 85 ராண்டுக்கு வாங்கினேன். இதோ பாருங்கள், நுனி இரண்டும் எவ்வளவு சரியாகச் சேர்கிறது என்று. இரண்டு வாரம் ஆகியும் வளையவில்லை, துருவும் இல்லை. நீலப் பிடி போட்டதை வாங்காதீர்கள், அது வழுக்கும். கடையில் ஐந்து இடுக்கியை வைத்துக்கொண்டு ஒரு தலைமுடியை எடுத்து எடுத்துப் பார்த்தேன், இதுதான் நழுவவிடவில்லை.

அந்த இடுக்கியில்தான் அது சிக்கியது. பழுப்பு நிறச் சில்லு, நிலக்கரி மாதிரி இருந்தது, அழுத்தினால் நொறுங்கவில்லை. வால்நட் ஓடு! கிணற்றில் சேறு பாறை இடுக்குகளுக்குள் ஓடி வீணாகாமல் இருக்க அதை உடைத்துப் போடுவார்கள். 20 கிராமில் 31 துண்டு எண்ணினேன். ஆயா பக்கத்தில் இருந்திருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பார், சுளகில் பருப்பைப் பரப்பி ஒரே பார்வையில் கல்லை எடுப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், நான் போகவில்லை, பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆயா ஒரு வாளி கூழை எனக்காக எடுத்து வைத்திருந்தார்.

மொத்தக் கரிம கார்பனை மட்டும் எழுதிவிட்டு ‘சிறந்த மூலப்பாறை’ (எண்ணெய் பிறக்கும் பாறை) என்று அறிக்கை கொடுப்பவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அதற்குக் காரணம் இதுதான். வால்நட் ஓட்டோடு சேர்த்து அளந்தபோது கார்பன் 3 சதவீதம், ஹைட்ரஜன் குறியீடு (எஸ்2ஐக் கார்பனால் வகுத்து நூறால் பெருக்கியது) 350. பொறுக்கிக் கழுவிய பிறகு கார்பன் 2.3 ஆகக் குறைந்தது, எஸ்2 9.2, குறியீடு 400 ஆக ஏறியது. கார்பன் குறைந்து பாறை மேலானதாகத் தெரிகிறது! ஓடு மரச்சத்து, அதில் கார்பன் உண்டு, எண்ணெய் தரும் ஹைட்ரஜன் குறைவு. கடல் பாசியிலிருந்து வந்த இரண்டாம் வகைக் கெரோஜனுக்கு 400 சரியாகப் பொருந்துகிறது. கலப்படம் போனதும் டி-மேக்ஸும் 429இலிருந்து 436 ஆனது, எண்ணெய் உருவாகத் தொடங்கும் 435ஐ இப்போதுதான் தாண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் போய்விட்டது. கழுவும்போது சேற்றின் எண்ணெயோடு பாறையின் சொந்த எண்ணெயும் போய்விடும், ஆகவே இந்தச் சில்லுகளின் எஸ்1ஐ நான் எங்கேயும் எழுதப்போவதில்லை, யார் கேட்டாலும் சரி.

இன்னும் 14 பை இருக்கிறது. அடுத்தது இதற்கு 60 மீட்டர் கீழே எடுத்தது, நேற்று திறந்தேன், மேலேயே நான்கு பழுப்புத் துண்டு தெரிகிறது.