குளிசை எங்கே கரைகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

மருந்துகளைப் பற்றிப் பொதுவாகப் பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். ஆனால் பொதுவாகப் பேச இங்கே பலர் வருகிறார்கள். நான் இன்று ஒரு சிறு கூட்டத்தாருக்காகப் பேசப்போகிறேன். வயிற்றில் பை வைத்திருப்பவர்கள். அவர்களிலும், சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து, அந்த வாயின் மேல் பை ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள். இலியோஸ்டமி என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். பெருங்குடல் அழற்சி முற்றியவர்களுக்குச் செய்வார்கள். குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தபிறகு, தைத்த இடம் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும் வைப்பதும் உண்டு. சிலருக்கு அது வாழ்நாள் முழுவதற்கும்.

இப்படிப் பை வைத்திருப்பவர்கள் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்காது. சேலைக்குள், சேர்ட்டுக்குள் மறைந்துவிடும். வேலைக்குப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், கலியாண வீட்டில் சாப்பிடுகிறார்கள். அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் மறைப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, "எனக்கு வயிற்றில் பை இருக்கிறது" என்று யார் சத்தமாகச் சொல்வார்கள்? சொல்வதில்லை. அதனால் கவுண்டருக்கு அப்பால் நிற்கும் மருந்தாளருக்கும் தெரிவதில்லை. மருந்து அளந்து உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். நானே எத்தனையோ வருடம் அந்தப் பக்கத்தில் நின்றவள் என்பதால் சொல்கிறேன்.

சரி, ஒரு குளிசையை விழுங்கினால் என்ன நடக்கிறது? தொண்டை வழியாக இரைப்பைக்குப் போகிறது. அங்கே உடைந்து கரைந்து சிறுகுடலுக்குள் இறங்குகிறது. சிறுகுடல் ஏறக்குறைய 6 மீற்றர் நீளம். பெரும்பாலான மருந்துகள் அதன் மேற்பகுதியிலேயே இரத்தத்தில் சேர்ந்துவிடும். இது நல்ல செய்தி. ஏனென்றால் பை வைத்தவருக்கும் அந்த மேற்பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சாதாரண பரசிட்டமோல், சாதாரண அமொக்சிசிலின், இப்படி விழுங்கியதும் கரைகிற குளிசைகளும் கப்சியூல்களும் அநேகமாக வழமைபோலவே வேலைசெய்யும். வீணாகப் பயப்பட வேண்டாம்.

வில்லங்கம் எங்கே வருகிறது என்றால், மெதுவாகக் கரையும்படி செய்த குளிசைகளில். இப்போது பல மருந்துகள் அப்படித்தான் வருகின்றன. காலையில் ஒன்று போட்டால் போதும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும். வசதிதான். ஆனால் உணவு சிறுகுடலைக் கடக்க எடுக்கும் நேரம் 3, 4 மணித்தியாலம்தான். மிச்ச நேரம் முழுவதும் அந்தக் குளிசை பெருங்குடலில் கிடந்துதான் மருந்தை விடுகிறது. பை வைத்தவருக்கு அந்தப் பெருங்குடல் பாதையில் இல்லை. போர்க்காலத்தில், காங்கேசன்துறை வரை போகவேண்டிய யாழ்தேவி ரயில் வவுனியாவோடு நின்றதே, நினைவிருக்கிறதா? காங்கேசன்துறையில் இறக்க வேண்டிய பொதியை அந்த ரயிலில் ஏற்றினால் என்ன ஆகும்? இந்தக் குளிசையின் கதியும் அதுதான். இறக்க வேண்டிய இடத்துக்குப் பாதை போகவில்லை. பாதி மருந்தோடு பைக்குள் வந்து விழுந்துவிடும்.

இன்னொரு வகை, இரைப்பையின் அமிலத்தில் கரையாதபடி மேலே பூச்சுப் பூசிய குளிசை. பூச்சு சிறுகுடலுக்குள் போனபிறகே கரைய வேண்டும். சில பூச்சுகள் சிறுகுடலின் தொடக்கத்திலேயே கரைந்துவிடும். ஒமெப்ரசோல் கப்சியூலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மணிகள் அப்படி. அவற்றால் அநேகமாகப் பிரச்சினை இல்லை. வேறு சில பூச்சுகள் குடலின் கடைசிக்கு வந்தால்தான் கரையும். அந்தக் கடைசியில்தான் பை இருக்கிறது.

இதை எனக்கு மறக்கமுடியாதபடி விளங்கப்படுத்தியது ஒரு குடும்பம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு அம்மா. சின்ன வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு. சோடியம் வல்ப்ரோவேற் குளிசை போட்டு, பல வருடமாக வலிப்பே வராமல் இருந்தவர். பிறகு குடலில் சத்திரசிகிச்சை, இலியோஸ்டமி. வீட்டுக்குப் போய்ச் சில வாரத்தில் வலிப்பு திரும்ப வந்துவிட்டது. முதலில் களைப்பு என்றார்கள். பிறகு நித்திரையில்லாதது என்றார்கள். குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். அவர் ஒரு நேரம்கூடத் தவறவிட்டதில்லை. அந்தக் கேள்வியே அவரை அழவைத்தது என்று பிறகு சொன்னார். மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகும் வந்தது.

கண்டுபிடித்தது அவருடைய கணவர். கொட்டாஞ்சேனைச் சந்தியில் கடை வைத்திருந்த மனிதர், பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. மனைவியின் பையை வெறுமையாக்கிக் கழுவுவது அவர்தான். ஒருநாள் ஒரு சின்னப் பிளாஸ்திக் டப்பாவோடு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "மிஸ், குறை நினைக்காதேங்கோ, இதை ஒருக்கால் பாருங்கோ" என்றார். டப்பாவுக்குள் கழுவி எடுத்த குளிசைகள். பூச்சின் நிறம்கூட மங்கவில்லை. போட்ட குளிசை போட்டபடியே வந்திருக்கிறது. சோற்றோடு சேர்ந்து இரைப்பையில் காத்திருந்து, பிறகு குடலை வேகமாகக் கடந்து, கரைய நேரம் கிடைக்காமலே வெளியே வந்துவிட்டது.

உடனே வைத்தியரைக் கூப்பிட்டோம். இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கப்பட்டது, மிகக் குறைவு. சிரப்பாக மாற்றி, நாளுக்குப் பல தடவையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். வலிப்பு அடங்கியது. அந்த மனிதர் டப்பாவைக் கொண்டுவர வெட்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு. அந்த அம்மா விழுந்து தலையை அடித்திருக்கலாம். அடுப்படியில் நிற்கும்போது வலிப்பு வந்திருக்கலாம். ஆகவே, பையை வெறுமையாக்குகிறவர்களே, பாருங்கள். அருவருப்பில்லாமல் பாருங்கள். முழுக் குளிசை வந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இங்கே ஒரு விஷயம். வந்தது எல்லாமே வீணான மருந்து என்று முடிவுகட்டவும் வேண்டாம். சில குளிசைகள் மருந்தை முழுதாக விட்டுவிட்டு வெறும் கூடாக வெளியே வரும்படியே செய்யப்பட்டவை. நல்ல குடல் உள்ளவர்களுக்கும் அது அப்படியே வரும். அதனால்தான் சொல்கிறேன், காட்டுங்கள். நீங்களாக இன்னொரு குளிசையைப் போட்டுவிடாதீர்கள். வெறும் கூடா, முழுக் குளிசையா என்பதை மருந்தாளர் மருந்தின் பெயரைப் பார்த்துச் சொல்வார்.

இனி, பெயரின் வால். என்னுடன் வேலைசெய்தவர்கள் இதைக் கேட்டுக் களைத்துப்போனவர்கள், ஆனாலும் நான் விடப்போவதில்லை. பெட்டியில் மருந்தின் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருக்கும். எஸ்ஆர், எக்ஸ்ஆர், எம்ஆர், எக்ஸ்எல், எல்ஏ. இவை எல்லாம் மெதுவாகவோ வேறு முறையிலோ கரைகிற குளிசைகள். இசி என்றால் பூச்சுப் பூசியது. நீரிழிவு மருந்துகளையே பாருங்கள். மெட்போமின் வேறு, மெட்போமின் எஸ்ஆர் வேறு. கிளிக்லசைட் வேறு, கிளிக்லசைட் எம்ஆர் வேறு. மருந்து ஒன்றுதான், கரைகிற விதம் வேறு.

நம் நாட்டில் 1971இல் பேராசிரியர் சேனக பிபிலே அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிவைத்தார். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் எழுதுங்கள் என்று பாடுபட்ட மனிதர். ஏழைகளுக்கு மருந்து எட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, எனக்கு அவர்மேல் தீராத மரியாதை. அந்த வழியில் வந்தவளாகவே சொல்கிறேன்: சொந்தப் பெயரோடு அந்த வாலையும் சேர்த்து எழுத வேண்டும், சேர்த்து வாசிக்க வேண்டும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது என்ன செய்தோம்? கிடைத்ததை வாங்கினோம். அரச மருந்துக் கடையான ஒசுசலவில் இல்லையென்றால் அடுத்த பாமசி, அங்கேயும் இல்லையென்றால் அடுத்தது. சாதாரணக் குளிசை இல்லை, எஸ்ஆர் இருக்கிறது என்றால் அதையே வாங்கிக்கொண்டு வந்தோம். மற்றவர்களுக்கே அது அப்படிச் செய்யக்கூடாத மாற்றம். பை வைத்தவருக்கு அது மருந்தே போடாததற்குச் சமமாகிவிடலாம்.

நோன்பு காலத்திலும் இதே சங்கதி. சஹருக்கும் இப்தாருக்கும் ஏற்றபடி, நாளுக்கு மூன்று தடவை போடும் மருந்தை ஒரு தடவை போடும் எஸ்ஆராக வைத்தியர் மாற்றிக் கொடுப்பார். நல்ல ஏற்பாடுதான், ஆனால் உங்களுக்குப் பை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், கரையாவிட்டால் இடித்துப் போடுவோம் என்று உரலை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாள் முழுக்க விடவேண்டிய மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கிவிடும். இரத்த அழுத்தக் குளிசையை அப்படி இடித்துப் போட்டால் ஆள் மயங்கி விழலாம். சாதாரணக் குளிசையாக, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் குளிசையாக, சிரப்பாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சிரப்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். இனிப்புக்காகச் சோர்பிற்றோல் சேர்த்த சிரப்புகள் உண்டு. அது பையில் தண்ணீராகப் போவதைக் கூட்டிவிடும்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது, கண்ணாடிக்கு அப்பால் மூன்று விரலைக் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் மிச்சம். இதற்குத்தான் அரைவாசி நேரம் ஒதுக்க நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன்.

பெருங்குடல் தினமும் ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீரையும் உப்பையும் திருப்பி எடுக்கும். அது இல்லாததால் பை வழியாக உப்பு போய்க்கொண்டே இருக்கும். பழகியபிறகு ஒரு நாளைக்கு அரை லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் வரை போவது வழமை. ஒன்றரை, இரண்டு லீற்றர் என்று போனால் வைத்தியரிடம் போங்கள். தாகத்துக்கு வெறும் தண்ணீரையும் பிளேன்ரீயையும் குடிக்கக் குடிக்க இன்னும் கூடுதலாகப் போகும். செவ்விளநீரும் கைகொடுக்காது, அதில் பொட்டாசியம் நிறைய, உப்பு மிகக் குறைவு. உப்பும் சீனியும் கலந்த தூளான ஜீவனியை ஒரு லீற்றர் தண்ணீரில் சரியாகக் கரைத்துக் குடியுங்கள். அதோடு, அப்படித் தண்ணீராகப் போகும் நாட்களில் போட்ட மருந்தும் சரியாகச் சேராது. உடல் வறண்டு சிறுநீரகம் களைக்கும்போது வேறு சில மருந்துகள் வெளியேறாமல் தேங்கும். மெட்போமின், டிகொக்சின், லிதியம் போன்றவை. சிறுநீர் போகக் கொடுக்கும் புரூசமைட், இரத்த அழுத்தத்துக்கான எனலப்ரில், லொசார்டன், வலிக்கான டைக்லோபெனக், இவை அந்த நாட்களில் சிறுநீரகத்தை இன்னும் வருத்தும். அப்படியான நாளில் எதை நிறுத்துவது என்று இப்போதே, சுகமாக இருக்கும்போதே, வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போக்கைக் குறைக்க லொபெரமைட் தந்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் போடுங்கள், சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம், அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குழப்பும். மலமிளக்கி எதுவும் வேண்டாம். மக்னீசியம் உள்ள வயிற்றெரிவு மருந்துகளும் போக்கைக் கூட்டும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் போடுகிறவர்கள் இரத்தப் பரிசோதனையை ஒத்திப்போடாதீர்கள், தைரொட்சின் போடுகிறவர்களும் அப்படியே. கர்ப்பத்தடைக் குளிசை போடும் பெண்கள் வாந்தியோ அதிகப் போக்கோ வந்தால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் வெட்டி எடுத்திருந்தால் பி12 உணவிலிருந்து சேராது, அதற்கு ஊசி இருக்கிறது. எவ்வளவு வெட்டினார்கள் என்று உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும், அடுத்த தடவை போகும்போது கேட்டுப் பாருங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.