எடிட்டர் நடேசய்யர்

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழைக்குள்ளயும் வெள்ளவத்தை வரைக்கும் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளருக்காகப் போராடின கோ. நடேசய்யரைப் பத்தி பேசுறவங்க பெரும்பாலும் தொழிற்சங்கத்துல இருந்துதான் தொடங்குவாங்க. நான் பேப்பர்ல இருந்து தொடங்குறேன், ஏன்னா என் கணக்குல அவர் முதல்ல எடிட்டர், மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

தஞ்சாவூர்க்காரர். அங்க 'வர்த்தகமித்திரன்' நடத்திக்கிட்டு இருந்தவர், கொழும்புக்கு வந்த இடத்துல தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்ச இந்தியத் தமிழ் சனங்களோட நிலைமையக் கேள்விப்படுறார். கேட்டதை வச்சே எழுதியிருக்கலாம், ஆனா நேர்ல போய்ப் பாக்கணும்னு நினைச்சார். அப்ப வெளியாள் தோட்டத்துக்குள்ள கால் வைக்க ஏலாது, அத்துமீறி வந்தான்னு கேஸ் போட்டுடுவாங்க, துணி விக்கிறவனுக்குத்தான் வழி விடுவாங்க. அதனால துணி வியாபாரி வேஷத்துல உள்ள போனார். லயம்னா தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள், ஒரு எடிட்டர் மூட்டை சுமந்துக்கிட்டு லயம் லயமா ஏறி இறங்கினார்ங்க, இதை நம்ம ஜேர்னலிசம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் பாடமாவே வைக்கணும்.

அந்த லயத்து வாழ்க்கை என்ன மாதிரி? ஒத்தக் காம்பராவுல ஒரு முழுக் குடும்பம், விடியுமுன்ன பெரட்டுன்னு ஆள் கணக்கெடுப்பு, ஆள் சேத்து வேலை வாங்குற கங்காணிகிட்ட தீராத கடன். துண்டுன்னு ஒரு சீட்டு இருந்துச்சு, அதுல ஆளோட கடன் எழுதியிருக்கும், அந்தக் கடனை அடுத்த தோட்டம் ஏத்துக்கிட்டாத்தான் அவன் அங்க வேலைக்குப் போகலாம், அதாவது மனுசன் கடனோட சேந்து கைமாறினான். 1921ல துண்டை சட்டம் போட்டு நிப்பாட்டினாங்க, ஆனா கடன் அதோட போயிடல.

அதே காலத்துலதான் கொழும்புல 'தேசநேசன்', பிறகு 1924ல 'தேசபக்தன்'னு பேப்பர் நடத்தினார். வெள்ளைக்காரனுக்கும் விளங்கட்டும்னு 'சிட்டிசன்', 'பார்வர்ட்'னு இங்கிலீஷ்லயும் போட்டார். சிங்களத் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவோட சேந்து கொழும்புத் தொழிலாளர் இயக்கத்துல வேலை செஞ்சார், சட்டசபைக்கும் போனார். ஆனா 1920கள் முடியிற நேரத்துல குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிரா திரும்பினதும் ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க. எனக்கு இன்னைக்கும் மனசு வலிக்கிற இடம் அதுதான், சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே மேடையில நிக்க முடிஞ்ச காலம் அவ்வளவு சீக்கிரம் கலைஞ்சு போச்சு. 1931ல மலையகத்து அட்டன் ஊரை மையமா வச்சு தோட்டத் தொழிலாளருக்குனு தனியா ஒரு சம்மேளனம் தொடங்கினார், 1936ல அட்டன் தொகுதியில ஜெயிச்சு அப்போதைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார்.

மீனாட்சி அம்மாளைச் சொல்லாம விட்டா இந்தப் பேச்சு பாதிதான். அவரோட மனைவி, ஆனா வெறும் மனைவியா நின்னவங்க இல்ல. எழுதினாங்க, கூட்டத்துல பாரதி பாட்டுப் பாடினாங்க, தாங்களே பாட்டுக் கட்டி சின்னப் புத்தகமா அச்சடிச்சாங்க. பேப்பர் படிக்கத் தெரியாதவங்கதான் லயத்துல நிறையப் பேர், அவங்ககிட்ட சேதி பாட்டாத்தானே போகணும்.

1947ல ஐயர் காலமானார், அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து அந்தத் தோட்டத்து சனத்தை நாடில்லாதவங்களா ஆக்கிடுச்சு.

மலையக எழுத்தாளர் சாரல்நாடன் ஐயா தேடித் தேடி எழுதியதாலதான் நமக்கு இவ்வளவாவது தெரியுது. உங்க வீட்டுப் பழைய பெட்டியில 'தேசபக்தன்' ஒரு தாள் கிடந்தாலும், மீனாட்சி அம்மாள் பாட்டுப் புத்தகம் அட்டை கிழிஞ்சு கிடந்தாலும், தயவுசெஞ்சு பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க, ஸ்கேன் பண்ணி வைக்கிறதுக்கு நூலகம் நிறுவனத்துக்காரங்ககிட்ட குடுங்க.