கால் புளிக்கிறதா?

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு வருடம் சீனாவின் குவாங்சோ நகரில் வேலை பார்த்தவன். சீனா என்றதும் அதிவேக ரயிலையும் வானளாவும் கட்டடங்களையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றை நீங்களே காணொளியில் பார்த்துக்கொள்ளலாம். நான் என் இடது காலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அங்கே போன இரண்டாம் வருடம் இடுப்பில் பிடித்த வலி காலுக்கு இறங்கியது. அதற்குள் எனக்குக் கடைத்தெருச் சீனம் நன்றாக வந்திருந்தது. பேரம் பேசுவேன், டாக்சிக்காரருக்கு வழி சொல்வேன். அந்த மொழி மருத்துவமனை வாசலோடு நின்றுவிட்டது.

பெரிய அரசு மருத்துவமனைகளில் முதலில் ‘குவாஹாவ்’, அதாவது பதிவு டோக்கன். பணம் கட்டிய பிறகுதான் மருத்துவர். அவர் ஸ்கேன் எழுதினால் மறுபடி பணம், மறுபடி வரிசை, அப்புறம் படத்தோடு மறுபடி அவரிடம். நான் போன இடத்தில் டோக்கன் இயந்திரம் என் பாஸ்போர்ட்டை ஏற்கவில்லை. வேறு கவுன்ட்டரைத் தேட வேண்டியிருந்தது. நிற்கவே முடியாதவன் இத்தனை வரிசையில் எப்படி நிற்பது? எனக்காக நின்றவர் எதிர்வீட்டு ஆயீ. ‘ஆயீ’ என்றால் அம்மாவின் சகோதரி. நாம் முன்பின் தெரியாதவரையும் அக்கா, அம்மா என்று கூப்பிடுவதுபோல், தாய் வயதுள்ள பெண்களை அவர்கள் அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

மருத்துவர் காலை அழுத்திக்கொண்டே கேட்டார்: “சுவான் பு சுவான்?”

எனக்குத் தெரிந்த சுவான் புளிப்பு. சூப்பில் இருப்பது, ஊறுகாயில் இருப்பது. காலைப் பார்த்து ஏன் புளிக்கிறதா என்கிறார்? அடுத்து, “மா பு மா?” சிச்சுவான் மிளகு நாக்கை மரக்கச் செய்யுமே, அதற்குச் சொல்லும் சொல் அது. ஆயீ தன் தொடையைப் பிசைந்து காட்டிய பிறகுதான் விளங்கியது. உழைத்துக் களைத்த தசையின் உளைச்சலுக்கும் சுவான்தான். மரத்துப்போனால் மா. உப்பி இறுகினால் ஜாங். பொதுவாக வலியைக் குறிக்கும் ‘தெங்’ அந்த மருத்துவருக்குப் போதவில்லை.

நமக்கும் போதாதே! குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது. இத்தனையும் எனக்குள் தயாராக இருந்தன. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் எதைப் போட்டாலும் தெங் என்றே வந்தது. எவ்வளவு வலி என்று விரலை நீட்டிக் காட்ட முடிந்தது. எப்படிப்பட்ட வலி என்று சொல்ல முடியவில்லை. இன்று நம் ஊர் மருத்துவமனையில் தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி வயிற்றைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் என்னால் கடந்து போக முடிவதில்லை.

சரி, ஆயீயிடம் வருகிறேன். மாத்திரை சாப்பிட்ட நாட்களில் எனக்கு வாய்ப்புண் வந்தது. பார்த்ததும் “ஷாங்ஹுவோ” என்றார். நெருப்பு மேலேறிவிட்டதாம். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? சூடு! லிச்சி தின்றாயா என்று அதட்டினார். ஒரு லிச்சி மூன்று தீப்பந்தத்துக்குச் சமம் என்பது அவர்கள் பழமொழி. என் அம்மா மாம்பழத்தைச் சொல்வார். ஆயீ தெருமுனையில் லியாங்சா வாங்கிக் கொடுத்தார். ‘குளிர்ச்சித் தேநீர்’ என்று பெயர், உள்ளே இருப்பது மூலிகைக் கஷாயம். நிலவேம்புக் கசப்பு. 2006இல் சீன அரசு அதைத் தேசியப் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. இந்தச் சூடு மருத்துவப்படி எவ்வளவு உண்மை என்ற விவாதம் வேறு. அந்த ஊரில் என் உடம்பைப் பற்றி ஒருவர் சொன்னது செயலி இல்லாமல் எனக்குப் புரிந்தது அன்றுதான்.

கடைசியாக மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது அவர் “மான் ஸோ” என்றார். மெதுவாகப் போங்கள் என்று பொருள். நம் ‘பார்த்துப் போங்க’ மாதிரி, கடைகளில் நூறு தடவை கேட்டு, காதில் வாங்காமல் விட்ட சொல். அன்று ஆயீயின் தோளைப் பிடித்துப் படி இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் அவர் “மான் தியென், மான் தியென்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மெதுவா, மெதுவா.